தறிக்குழியும் தலைக்கட்டும்: சேலம் – நாமக்கல் சாலையோரத்து நம் ஊர்களின் குடிவரலாறு

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் மல்லூர், ஆட்டையாம்பட்டி, வெண்ணந்தூர், இராசிபுரம் முதலிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் இடமாகக் கொண்டு நம் குலத்தார் நெடுங்காலமாக நெசவால் ஜீவித்து வந்தனர் என்பதை அன்பர்கள் அறிவர். அவ்வூர்களின் கோயில்களைப் பற்றியும் குலகுருக்களைப் பற்றியும் பட்டயங்களைப் பற்றியும் நம் இதழில் எழுதுவோர் பலருளர். அவ்வூர்களில் நாம் குடியிருந்த வீடுகளைப் பற்றியும், அவ்வீடுகளில் எத்தனை பேர் எக்காலத்தில் இருந்தார்கள் என்பதைப் பற்றியும் எழுதுவோர் அரியர். வீடு எல்லோருக்கும் தெரிந்த பொருளாதலின் அதில் எழுதத்தக்கது யாதுளது என்று எண்ணிவிட்டோம் போலும்.

நாம் பிறந்தது வெண்ணந்தூருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர். அதன் பெயரைச் சொல்லாது விடுகின்றோம். இங்கே கூறப்படுவது அவ்வூருக்கு மட்டும் உரியதன்று. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே அவ்வூர்ச் சாலையில் நின்று பார்ப்பவர்க்கு ஊர் முழுவதும் பஸ் ஏறிப் போய்விடுவது போலத் தோன்றும். ஜவுளிக் கடைக்கும், பள்ளிக்கும், கல்லூரிக்கும், ஆஸ்பத்திரி வேலைக்கும், லாரிப் பட்டறைக்கும் போகிறவர்கள் சேலத்திற்கு ஒரு பாதியும் இராசிபுரம், நாமக்கல் பக்கம் ஒரு பாதியுமாகப் பிரிகின்றனர். நண்பகலில் தெருவில் நடந்தால் முதியோரையும் கைக்குழந்தைகளையும் நாய்களையுமே காணலாம். இரவு எட்டு மணிக்கு மேல் ஊர் மறுபடியும் ஊராகின்றது. பகலுக்கு ஒரு ஜனத்தொகை, இரவுக்கு ஒரு ஜனத்தொகை என்று இரண்டு கணக்குடைய ஊர் இது. நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வாறு இருந்ததில்லை. அவர்களுக்கு வீடு வேறு, வேலைசெய்யும் இடம் வேறு என்ற பேதமே கிடையாது.

நம்மவர் தம்மை எண்ணிக்கொண்ட முறையை முதலிற் சொல்லுவோம். சர்க்கார் கணக்கு வருவதற்கு முன்னரே நம் ஊர்களில் ஒரு குடிமதிப்பு இருந்தது. அதுவே தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்கு வரி போடும்பொழுது ஊரில் எத்தனை தலைக்கட்டு என்று பார்ப்பார்கள். மணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் தந்தையோடு ஒரே கூரையின்கீழ் ஒரே அடுப்பில் உண்டாலும் தனித் தலைக்கட்டே. மணமாகாதவன் கணக்கில் இல்லை. விதவைக்குச் சில ஊர்களில் வரி இல்லை. சில ஊர்களில் அரை வரி. பெண் மக்கள் எவ்வயதினராயினும் கணக்கில் வாரார். எனவே தலைக்கட்டு என்பது ஆட்கணக்குமன்று, வீட்டுக்கணக்குமன்று. ஊர்ப் பொறுப்பைத் தாங்கும் தோள்களின் கணக்கு என்று சொல்லலாம். இக்கணக்கு இன்றும் நடந்து வருகின்றது. அதனால் விளையும் தொல்லையைப் பின்னர்க் கூறுவோம்.

1792-ம் வருஷத்தில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமஹாலையும் சேலத்தையும் கும்பினியாரிடம் விட்டுக்கொடுத்தார். கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து ரயத்துவாரி முறைக்கு அடிகோலினர். நிலத்துக்குத் தீர்வை விதித்ததுபோலவே தொழிலுக்கும் மோதர்பா என்னும் வரி இருந்தது. தறியுள்ளவன் தறிக்கு வரி செலுத்தவேண்டும். 1860-களின் தொடக்கத்தில் அவ்வரி எடுபடும்வரை சர்க்கார் உத்தியோகஸ்தன் நம் தெருவுக்கு வந்தால் எண்ணுவது தறியை. எண்ணப்படுவது வரிக்காக என்று தெரிந்தவன் குறைத்துச் சொல்லுவதில் வியப்பில்லை. கணக்கெடுப்பவரைக் கண்டால் கதவைச் சாத்தும் பழக்கம் நம் பெரியோரிடம் நெடுநாள் இருந்ததற்கு இதுவே வித்து என்று நாம் கருதுகின்றோம்.

1871-ம் வருஷத்தில் சென்னை இராஜதானி முழுமைக்கும் முதல் குடிமதிப்பு எடுக்கப்பட்டது. வீடுகளை மெத்தை வீடு, ஓட்டு வீடு, கூரை வீடு என்று மூன்றாகப் பிரித்து எண்ணினர். அப்போதைய சேலம் ஜில்லா, பின்னர்த் தனி ஜில்லாக்களான தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளிட்ட பெரிய ஜில்லா. அதன் ஜனத்தொகை 19½ லட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. பத்து வருஷங் கழித்து 1881-ல் எண்ணியபோது ஏறக்குறைய 16 லட்சமே இருந்தது. இடையில் வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். வயிற்றுக்கில்லாதவன் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதையே. ஆதலால் உழவனுக்கு முன்னரே நெசவாளன் பட்டினி கிடந்தான். கல் உடைக்கும் வேலைக்கு அவன் கை பழகவில்லை என்பதைக் கண்டு, நெசவாளருக்கு நூல் கொடுத்து அவர்கள் தறியிலேயே நெய்வித்துக் கூலி தரும் ஏற்பாட்டையும் சர்க்கார் செய்ய நேர்ந்தது. அக்காலத்தில் ஊரைவிட்டவர் பலர். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்குத் திருச்சிராப்பள்ளியைப் போலவே சேலம் ஜில்லாவும் நல்ல களமாயிருந்தது. அப்படிப் போனவர்களுக்கு மாலைப் பஸ் கிடையாது.

இனி வீட்டுக்கு வருவோம். பழைய நெசவாளன் வீட்டைக் கட்டினவன் கொத்தனாயினும், அதற்கு அளவு கொடுத்தது தறியே. தெருவை நோக்கிய திண்ணை. அதைக் கடந்தால் முன்கட்டு. அம்முன்கட்டின் தரையில் தறிக்குழி. நெய்பவன் குழியின் விளிம்பில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதிப்பான். தரைக்கு அண்மையில் பாவு கிடப்பதால் மண்ணின் ஈரம் இழையைக் காய்ந்து அறாமற் காக்கும். ஆகையால் அவ்வீட்டுக்கு மண்தரையே நன்று. காறை பூசிய தரை அழகாயிருக்கும், இழை அறும். வெளிச்சம் வாசல்வழியாக வரவேண்டும்; அதனால் கூரை தாழ்ந்திருந்தாலும் வாசலை மறைத்து எதுவும் கட்டுவதில்லை. உள்ளே ஒரு சிறு முற்றம், அதன் ஓரத்தில் அடுப்பு, மேலே பரண். படுக்கைக்கென்று தனி அறை கிடையாது. ஆடவர் திண்ணையிலும், பெண்டிரும் குழந்தைகளும் தறியைச் சுற்றியும் படுப்பர். இராட்டையிற் சுற்றித் தாருக்கு நூலேற்றுவது பெண்டிர் வேலை. பத்து வயதுப் பிள்ளை அறுந்த இழையை முடிவான். ஒரு தறிக்கு நான்கு பேர் கை வேண்டும் என்பார்கள். நம் குடும்பங்கள் பெரியனவாயிருந்ததற்கு ஆசாரம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றது. தறியும் ஒரு காரணம்.

வீட்டைப் போலவே தெருவும் தறிக்கு அளவானது. பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு நீண்ட வெளி வேண்டும். அதற்கென விடப்பட்ட இடம் பாவடி. சேலத்தில் அம்மாபேட்டை, குகை முதலிய பகுதிகளிலும், நம் சிற்றூர்களிலும் பாவடி என்றால் நெசவாளர் எல்லோருக்கும் பொதுவான மைதானம் என்றே பொருள். விடியுமுன் பாவு நீட்டி வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் பாவோட முடியாது. அம்மாதங்களில் கடன் ஏறும்.

வீட்டோடு ஒட்டிய இத்தொழிலைப் பிரித்தெடுக்க ஒரு முயற்சி நடந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் சர்க்கார் அதிகாரி 1906-ம் வருஷத்தையொட்டிச் சேலத்தில் ஒரு கைத்தறிச் சாலையை ஏற்படுத்தினார். நல்ல தறிகள், விசைநாடா, ஒழுங்கான கூலி எல்லாம் அங்கே கிடைக்கும் என்றார். நெசவாளர் அங்கே போய் உட்கார மனங்கொள்ளவில்லை. குடும்பத்தாரின் கையுதவி வீட்டில்தான் கிடைக்கும். பிறன் கூரையின்கீழ் மணிக்கணக்குப் பார்த்து வேலை செய்வது கூலியாள் ஆவதற்குச் சமம் என்று நினைத்தனர். சில வருஷங்களுக்குள் அச்சாலை மூடப்பட்டது. தெருக்கோடியிலிருந்த சாலைக்குப் போக மறுத்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று இருபது மைல் நின்றுகொண்டே போகின்றனர். அவர்கள் பிடிவாதத்தை நாம் குறை கூறவில்லை. அவர்கள் பயந்தது நடந்தது என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

போக்குவரவின் கதை நீண்டது, சுருங்கச் சொல்லுவோம். சேலத்துக்கு இரயில் 1861-ல் வந்துவிட்டது. ஆயினும் ஸ்டேஷன் ஊருக்கு மேற்கே சூரமங்கலத்தில் அமைந்தது. பாதை ஈரோட்டை நோக்கிச் சென்றது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட நம் ஊர்களுக்கு அதனால் பயனில்லை. நாமக்கல் தாலூகாவே 1910 முதல் 1929 வரை திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டிருந்தது. சேலம் நகரமும் அக்காலத்தில் மக்களை இழுக்கும் இடமாயில்லை. 1901-ல் 70 ஆயிரமாயிருந்த அதன் ஜனத்தொகை, பிளேக் நோயின் அச்சத்தால் 1911-ல் குறைந்தது. 1921-ல் மேலும் குறைந்தது. பிறகே ஏறத்தொடங்கி 1951-ல் 2 லட்சத்தைத் தொட்டது. தனியார் பஸ்கள் ஓடலாயின. யுத்தகாலத்தில் அவை கரிவாயுவால் ஓடியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்த யுத்தமே நூல் பஞ்சத்தையும் கொண்டுவந்தது. நூல் இல்லாத வீட்டிலிருந்து ஒருவன் வெளியே போனான்; அவன் கொண்டுவந்த மாதச் சம்பளத்தைத் தெரு பார்த்தது.

1973-ல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம் தோன்றி டவுன் பஸ்கள் சிற்றூர்களுக்குள் நுழைந்தன. 1981-ல் சேலம் உருக்காலை உற்பத்தி தொடங்கிற்று. நாமக்கல்லில் லாரிக் கூடு கட்டும் பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளும், இராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளும் பெருகின. பிறகு சாலை நான்கு வழியாயிற்று. சேலத்திலிருந்து மல்லூர், இராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்குச் செல்லும் இரயில் பாதையில் 2013-ம் வருஷத்தில் வண்டி ஓடியது. 1861-ல் விட்டுப்போனது 152 வருஷங்களில் கிடைத்தது என்று சந்தோஷப்படலாம். இவை எல்லாவற்றையும்விட நம் வீடுகளுக்குள் பெரிய மாறுதலைச் செய்தது 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதே என்பது நம் துணிபு. அதற்குமுன், கடையில் வாங்கும் சம்பளத்தில் பஸ் செலவு போக என்ன மிஞ்சும் என்று கேட்டே பல பெண்களை வீட்டில் நிறுத்தினோம். அக்கேள்விக்கு இடமில்லாமற் போயிற்று.

இவ்வாறு ஆட்கள் வெளியே போகப் போக வீடு மாறிற்று. முதலில் மூடப்பட்டது தறிக்குழி. தறியைக் கழற்றிப் பரணில் ஏற்றி, குழியில் மண் கொட்டி, மேலே சிமெண்டுக் காறை பூசினார்கள். குழியிருந்த இடத்தில் காறை சிறிது அமுங்கிப் பள்ளமாயிருப்பதைப் பல வீடுகளில் இன்றும் காணலாம். அவ்விடத்தில்தான் மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. அடுத்துப் போனது திண்ணை. ஆடவர் திண்ணையில் படுக்கும் வழக்கம் போகவே, அதை இடித்துச் சுவரெழுப்பிப் படுக்கையறையாக்கினர். ஓடு போய் மெத்தை வந்தது. சிலர் தறியைக் கைவிடாமல் விசைத்தறிக்கு மாறினர். அவர்கள் வீட்டின் பின்கட்டைக் கொட்டகையாக்கினர். அத்தெருக்களில் இருவர் பேசிக்கொள்ள வேண்டுமானால் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தவேண்டும். அந்த விசைத்தறிகளுக்கும் நம் பிள்ளைகள் வருவதில்லை. வடநாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் ஓட்டுகின்றனர். அவர்களில் சிலர் குடியிருப்பது நம்மவர் பூட்டிவிட்டுச் சேலத்துக்குப் போன வீடுகளில்.

இதில் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். நம் தெருவில் நம் குலத்தாரல்லாத ஒருவருக்கு வாடகைக்கு வீடு கொடுப்பதில்லை என்று நம் பெரியோர் வைத்திருந்த கட்டுப்பாடு எவ்வகை ஞானத்தாலும் தளரவில்லை. வீடு காலியாகக் கிடந்து ஓடு சரிந்தபோது தளர்ந்தது. இன்றும் சிலருக்குக் கொடுக்கலாம், சிலருக்குக் கொடுக்கலாகாது என்று திண்ணையில்லாத வீட்டு வாசலில் நின்று பேசுகின்றோம்.

சர்க்கார் குடிமதிப்பில் இம்மாறுதல் எவ்வாறு தெரிகின்றது என்பது ஆராயத்தக்கது. வீட்டிலே நெய்பவனைக் குடும்பத் தொழில் செய்பவன் என்று எழுதுவர். அவனிடம் வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்பதில்லை. உழவரும் குடும்பத் தொழிலினருமல்லாத ஏனைய தொழிலாளரிடம் மட்டுமே 2001, 2011-ம் வருஷக் கணக்குகளில் தூரமும் வாகனமும் கேட்கப்பட்டன. ஆகவே ஒருவன் ஒரு கட்டத்திலிருந்து மற்றொரு கட்டத்துக்கு மாறும்பொழுது அவன் வீட்டுத் தறி மறைந்தது என்று படித்துக்கொள்ளலாம். மற்றொன்று: ஓர் ஊர் பட்டணத்தன்மை பெற்றதாகக் கொள்ள, சட்டப்படி நகராட்சியோ பேரூராட்சியோ இல்லாவிடத்து, 5000 பேருக்குக் குறையாத ஜனத்தொகையும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேரும், ஆண் தொழிலாளரில் நூற்றுக்கு 75 பேர் உழவல்லாத தொழிலிலும் இருக்கவேண்டும் என்பது விதி. நெசவூர்களில் கடைசி நிபந்தனை என்றுமே நிறைவேறியிருந்தது. பட்டிக்காட்டில் இருந்துகொண்டே உழாமல் வாழ்ந்தவர்கள் நாம். பஸ் வந்தபின் நாம் பட்டணத்தாராகிவிட்டோம் என்று சொல்லுவோர் இதைக் கவனிக்கவில்லை.

2011-ம் வருஷக் கணக்கில் சேலம் ஜில்லாவில் 34 லட்சத்து 82 ஆயிரம் பேர். 1997 ஜனவரி முதல் தனி ஜில்லாவான நாமக்கல்லில் 17 லட்சத்து 26 ஆயிரம் பேர். தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு குடும்பத்துக்குச் சராசரி நால்வருக்கும் குறைவு. தறிக்கு நான்கு பேர் கை வேண்டியிருந்த வீட்டில் இன்று பெற்றோரும் ஒரு பிள்ளையும் இருப்பது இயல்பாகிவிட்டது. அந்த ஒரு பிள்ளை ஆணாயிருக்கவேண்டும் என்று விரும்பியதன் பலனும் கணக்கில் இருக்கின்றது. 2001-ம் வருஷத்தில் சேலம் ஜில்லாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே. பெண் சிசுக்களைக் காக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசாங்கம் முதலில் சேலத்தில்தான் தொடங்க நேர்ந்தது. 2011-ல் அவ்வெண்ணிக்கை 900-ஐக் கடந்தது என்பது ஆறுதல். இது பிற குலத்தார் பழி, நம்முடையதன்று என்று நம் கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கின்றோம். நம் ஊர்களில் முப்பது வயது கடந்தும் பெண் கிடைக்காத இளைஞர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனரே, அப்பெண்கள் எங்கே போயினர் என்று அக்கூட்டங்களில் எவரும் கேட்டதில்லை. பெண் வீட்டார் கேட்கும் கேள்வியோ வேறு: பையனுக்குச் சேலத்தில் வீடு உண்டா? ஊரில் மூன்று கட்டு வீடிருந்தாலும் பயனில்லை. பட்டணத்தில் வாடகைக்கு இரண்டறை இருந்தாற் போதும். இதனால் மணமானவுடன் சேலத்துக்குக் குடிபோய், திருவிழாவுக்கு மட்டும் வருகின்றவர் தொகை பெருகிற்று.

இப்போது தலைக்கட்டுக்கு வருகின்றோம். சேலத்தில் வசிப்பவன் ஊரில் தலைக்கட்டு வரி செலுத்துகின்றான். அவன் வீடு பூட்டிக் கிடக்கின்றது. ஊரில் வாடகைக்கிருப்பவன் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் உரியவன், தலைக்கட்டில் இல்லை. பாவடி நிலத்தை என்ன செய்வது என்று கூட்டம் கூடும்பொழுது வரி கொடுத்தவர்கள் தீர்மானிக்கின்றனர். பாவு ஓடாத பாவடியில் கலியாண மண்டபம் கட்டலாம், கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்பது சேலத்திலிருப்பவர் கட்சி. மாலையில் பிள்ளைகள் விளையாடவும் வண்டி திரும்பவும் வேறிடமில்லை என்பது ஊரிலிருப்பவர் கட்சி. இருதிறத்தாரும் நம்மவரே. நாம் ஊரிலிருப்பவர் பக்கம். அங்கே தினந்தோறும் இரவு வந்து படுப்பவனுக்கே அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல முதலுரிமை உண்டு என்று கருதுகின்றோம்.

1931-ம் வருஷத்துக்குப் பிறகு எல்லாச் சாதியாரையும் சாதிவாரியாக எண்ணும் கணக்கு 2027-ம் வருஷக் குடிமதிப்பில் சேர்க்கப்படும் என்று மத்திய அரசாங்கம் 2025-ல் அறிவித்தது. நம் சங்கத்தார் பலர் இதனால் ஊக்கங்கொண்டு, நம் தொகை இத்தனை லட்சம் என்று இப்பொழுதே மேடையிற் சொல்லத் தொடங்கிவிட்டனர். தறியைக் குறைத்துச் சொன்ன பாட்டனும், தலையைக் கூட்டிச் சொல்லும் பேரனும் ஒருவரையொருவர் அறிவார்கள். குடிமதிப்பு விதிப்படி ஆளை எண்ணுவது அவன் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில். பூட்டிய வீட்டில் யாரும் எண்ணப்படுவதில்லை. ஆகவே சொந்த ஊர்க் கணக்கில் நம் தொகை நாம் எண்ணியிருப்பதைவிடக் குறைவாகவே வரக்கூடும். அதைக் கண்டு கூக்குரலிடுவதற்கு முன் நம் தலைக்கட்டு நோட்டை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நலம்.

அந்நோட்டைப் பற்றி ஒரு செய்தி. சென்ற பங்குனியில் நம் ஊரில் திருவிழாக் கூட்டம் நடந்தது. தந்தையை இழந்து, தாயுடன் பழைய வீட்டில் இருந்துகொண்டு, நாள்தோறும் சேலத்துக்கு வேலைக்குப் போய் வருகின்ற பெண்ணொருத்தி, "எங்கள் வீட்டு வரியை நானே கொடுக்கின்றேன்" என்று பணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கூட்டத்தில் சற்றுநேரம் பேச்சில்லை. பெரியவர் ஒருவர், "வாங்கிக்கொள்ளுங்கள், அம்மன் காரியம்" என்றார். பணத்தை வாங்கினர். எந்தப் பெயரில் எழுதுவது என்று கணக்குப்பிள்ளை கேட்டார். இறந்துபோன தகப்பன் பெயரிலேயே எழுதச் சொன்னார்கள். "உயிரோடிருக்கிற எங்களை எழுதக்கூடாதா, மாமா?" என்று அவள் கேட்டதற்கு, அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விடை வந்தது. சர்க்கார் கணக்கெடுப்பவர் வரும்பொழுது, குடும்பத்தலைவர் யாரென்று வீட்டார் சொல்லுகின்றார்களோ அவர் பெயரையே எழுதுவார். அவ்வீட்டில் அவள் பெயரைத்தான் சொல்லப்போகின்றனர். அடுத்த கூட்டம் ஆடி மாதத்துக்கு வைக்கப்பட்டது. அவள் வீட்டு முன்கட்டில் தறிக்குழி இன்னும் மூடப்படவில்லை. பலகை போட்டு வைத்திருக்கின்றார்கள்.